கார் யாருக்கு?

அரிமளத்தில் ஒருவன் கார் வாங்கப் போகிறான் என்ற செய்தி பரவினால் போதும். வாங்குகிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் எந்தக் கார் வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கும் யோசனைகள் வந்து குவிந்தன. டீக்கடையில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, முடிவெட்டும் கடையில் மூன்று. என் மைத்துனர்தான் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினார்: "மச்சான், வாங்குறதுதான் வாங்குறீங்க, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாங்குங்க."

இந்தக் கட்டுரை அந்த நாலு பேருக்கு விரோதமாக எழுதப்படுவது.

எனக்குக் கார் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்கால்களும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தடவை அழைத்துப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ஆம் வருஷம் மே மாதம் முதல் டிக்கெட் இல்லை, நல்ல காரியம். ஆனால் சர்க்கார் நீக்கியது டிக்கெட்டைத்தான். படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. கடைசியாகப் பஸ் ஏறிய அன்று ஆத்தா கம்பியைப் பிடித்தபடி நின்றாள், கால் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "நான் வரலைப்பு, நீ மட்டும் போயி மாத்திரை வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு, திண்ணைக்குத் திரும்பினாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தக் கார்.

என் தகப்பனார் காலத்தில் இப்படிப்பட்ட குழப்பமே கிடையாது. அம்பாஸடர், பியட், நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருப்பதுதான் வாங்குகிறவரின் வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் நம் கண்ணெதிரே கார்கள் லாரி லாரியாக வெளியேறுகின்றன. தேர்ந்தெடுக்க வழியில்லாத காலத்தில் பொறுமையாகக் காத்திருந்தோம். வழி பிறந்ததும் என்ன செய்தோம்? தேர்ந்தெடுக்கும் உரிமையை எதிர்வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம்!

நான் மூன்று கார்களை ஓட்டிப் பார்த்தேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கட்டுரை விளம்பரமாகிவிடும். மூன்று கடைகளிலும் நடந்த சடங்கு ஒன்றுதான். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியது. பக்கத்தில் டை கட்டிய பையன் உட்கார வேண்டியது. கண்ணாடி போல் வழவழவென்றிருக்கும் பைபாஸ் ரோட்டில் பத்து நிமிஷம் போய்விட்டுத் திரும்ப வேண்டியது. "எப்படி சார் இருக்கு?" என்று அவன் கேட்பான். அந்த ரோட்டில் கட்டை வண்டியை ஓட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும்!

"தம்பி, இந்தக் கார் குடியிருக்கப் போவது பைபாஸில் அல்ல, எங்கள் ஊரில். அங்கே கொண்டு வா" என்றேன். ஒரு கடையில் மறுத்தார்கள். மேலாளரிடம் பேசிய பிறகு இசைந்தார்கள். மற்ற இரண்டு கடைக்காரர்களும் வியப்போடு ஒப்புக்கொண்டார்கள்.

முதல் கார் நீளமானது, அழகானது. ஆத்தா அதில் உட்காரவில்லை; விழுந்தாள். ஆசனம் அவ்வளவு தாழ்வு. வெளியே எடுக்க நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கார், மைத்துனர் சிபாரிசு செய்தது. யானை மாதிரி நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது, வாஸ்தவம். ஆனால் ஆத்தா அண்ணாந்து பார்த்து, "இதுக்கும் பஸ்ஸுக்கும் என்னப்பு வித்தியாசம்?" என்றாள். மூன்றாவது சின்ன வண்டி, பார்வைக்குச் சாதாரணம். ஆசனம் சரியாக அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காலைத் திருப்பி உள்ளே வைத்தாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள். யார் கையையும் பிடிக்கவில்லை. செம்மண் பாதையில் கண்மாய்க் கரை வரை போய் வந்தோம். அவள் மடியில் ஒரு தூக்குச்சட்டி நிறைய மோர். கொஞ்சம் தளும்பியது, சிந்தவில்லை.

இது என்ன கிறுக்குப் பரீட்சை என்று சிரிக்கிறீர்களா? பிரெஞ்சுக்காரர்கள் இதையே செய்திருக்கிறார்கள். ஸிட்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்த பியேர் பூலாஞ்ஜே, குடியானவர்களுக்காக ஒரு கார் செய்யச் சொன்னபோது விதித்த நிபந்தனை இது: ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலைக் கடக்க வேண்டும், ஒரு முட்டையும் உடையக் கூடாது. 1948-இல் பாரிஸில் அந்தக் காரைக் காட்டியபோது பத்திரிகைக்காரர்கள் பரிகாசம் செய்தார்கள். குடியானவர்கள் வாங்கினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அது தயாரானது. முட்டைக்கு ஒரு கார் செய்ய முடிந்தது. முழங்காலைப் பார்த்து ஒரு கார் வாங்க நமக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். "பெரிய கார்தான் பாதுகாப்பு" என்கிறார்கள். 2014-இல் குளோபல் என்கேப் நிறுவனம் நம் நாட்டுச் சின்னக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்து ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை, உண்மை. அதே நிறுவனம் 2018-இல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நெக்ஸானுக்கும், 2020-இல் இன்னும் தாழ்வான ஆல்ட்ராஸுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததும் உண்மைதான். காப்பாற்றுவது உருவம் அல்ல. உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. கனமான வண்டி மோதினால் அதில் இருப்பவருக்கு அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. எதிரே சைக்கிளில் வருகிற பால்காரருக்கு? அவரும் நம் ஊர்க்காரர்தானே? 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் சர்க்காரே பரீட்சை நடத்துகிறது. வண்டியின் உயரத்தைக் கேட்கிற நேரத்தில் அந்த மதிப்பெண்ணைக் கேளுங்கள்.

"மைலேஜ் எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறதே" என்பார்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்த கணக்கு. அந்த உருளைகளில் மாடு குறுக்கே வருவதில்லை.

"அஞ்சு லட்சந்தானே கூட, கடன் கொடுக்கிறான்" என்பது மூன்றாவது வாதம். அந்த ஐந்து லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஏழு வருஷத் தவணை என்றால், மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். கட்டி முடிக்கும்போது ஆறே முக்கால் லட்சம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பது முதல் ஒரு வாரம். அதற்கு எண்பத்து நான்கு மாதத் தவணையா?

இந்த மோகத்தின் பலத்தை அறிய நானோவின் சரித்திரம் ஒன்றே போதும். 2008-இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. 2018-இல் உற்பத்தி நின்றது. அதற்கு வேறு குறைகளும் உண்டு. 2014-இல் நட்சத்திரம் வாங்காத ஐந்தில் அதுவும் ஒன்று. ஆனால் 'மிக மலிவான கார்' என்று விற்கப் போனதே தவறு என்று ரத்தன் டாடாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரில் பிள்ளை குட்டிகளுடன் மழையில் நனைந்து போகத் தயாராக இருந்த குடும்பம், 'மலிவு' என்று பெயர் எடுத்த கூரையின் கீழே உட்காரத் தயங்கியது. நம்மை ஆட்டிவைக்கும் நாலு பேருக்கு அவ்வளவு சக்தி!

வருஷத்தில் நாம் கல்யாணத்துக்குப் போவது பத்து நாள் இருக்கலாம். அந்தப் பத்து நாளுக்குக் காரை வாங்கிவிட்டு, மிச்ச நாட்களில் அதற்குள் ஏற முடியாமல் தவிப்பது என்ன புத்திசாலித்தனம்? கல்யாணத்துக்கு வேண்டுமானால் வாடகைக்கு ஒரு யானையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரைத்தான் வாங்கினேன். மைத்துனர் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். "ம்... பரவாயில்லை" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், ஆத்தா முன் ஆசனத்தில் உட்கார்ந்தபடி கையை நீட்டி அமுக்கிக்கொண்டிருக்கிறாள். "எம்புட்டு நேரம்ப்பு? டாக்டர் போயிடப் போறாரு" என்கிறாள்.

நீங்களும் கார் வாங்குங்கள். கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் யாருக்கு நடக்க முடியவில்லையோ, அவரை அழைத்துப் போங்கள். அவர் தானாக ஏறி, தானாக இறங்கினால் பணத்தைக் கட்டுங்கள். மைத்துனர்களைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.