எண்ணினார்கள், எழுதவில்லை!

சாவடிச் சுவரிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ பதித்த சிறு கல்லொன்று, நம் நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆண்டபோது நட்டது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிரை ஈந்தனர் என்று அது கூறும். அவ்வளவே! இரண்டு எண்கள், மற்றெதுவும் இல்லை. சென்றவன் எவன்? எக்களத்தில் வீழ்ந்தான்? கந்தனா, காத்தானா, அந்தோணியா, அப்துல்லாவா? கல்லுக்குக் கவலையில்லை!

பெயர் தெரியாததாலா விட்டனர்? படையில் சேர்த்தபோது பெயர் எழுதினர், ஊர் எழுதினர், தந்தை பெயர் எழுதினர், சாதியைக்கூட மறவாமல் எழுதினர். சாகும்வரை பெயர் தேவைப்பட்டது. செத்தபின் எண் போதுமென்றாயிற்று.

கல் சிறியது, செலவு மிகும் என்று அவர்கட்காக வாதாடுவோர் உண்டு. அவர்தம் நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்தின் சிற்றூர்களில் சிலுவைத் தூணின் அடியில் மாண்டோர் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பல ஊர்களில் பதவிப் பட்டமுமின்றி வெறும் அகர வரிசை. பண்ணையார் மகனும் வண்டிக்காரன் மகனும் அடுத்தடுத்து! 1917-இல் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமும், பதவி, இனம், மதம் பாராமல் மாண்டார் அனைவரையும் சமமாகவே போற்றுவோம் என்று அறிவித்தது. நல்ல கொள்கை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது கடல் தாண்டியபோது என்னவாயிற்று?

பிரான்சில் நவ் சாப்பெல் என்ற ஊர். 1927-இல் திறந்த நினைவிடத்தில் தாமரைத் தலைப்புடைய தூண், அதன்மேல் பேரரசின் முடி, இருபுறமும் புலிகள், சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்கள். அடுத்து, ஈராக்கில் பாஸ்ரா. 1929-இல் எழுந்த நினைவுச் சுவரில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர். இந்திய அதிகாரிக்கும் பெயர். இந்தியச் சிப்பாய்க்கோ, படைப்பிரிவின் கீழ் ஓர் எண்! ஐரோப்பியர் வந்து காணும் இடத்தில் பெயர், வாராத இடத்தில் எண்ணிக்கை. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2021-இல், ஆசிய, ஆப்பிரிக்க வீரர் 45,000 முதல் 54,000 பேருக்குச் சம மரியாதை தரவில்லையென்று அந்த ஆணையமே ஒப்பி மன்னிப்புக் கேட்டது.

வெள்ளையனுக்காகச் செத்தவனுக்கு நாம் ஏன் கல் நட வேண்டும் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். அந்தப் போரை மூட்டியவன் அவனல்லன். ஏறத்தாழ 13 இலட்சம் பேர் இந்தியப் படையில் பணியாற்றினர். 70,000-க்கு மேல் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேரைக் கூலியும் பசியும் இழுத்துச் சென்றன! ஆண்டவன் போன பின்னும் அவன் போட்ட எண்ணையே காத்துக் கிடப்பதுதான் விடுதலையா?

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த தீயன் அந்தவனைச் சொல்கிறது. கிறித்துவுக்கு முற்பட்டதென்று அறிஞர் கணித்த கல் அது. மாட்டுப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு, கல்லில் தமிழில் பெயர்! (பின்வந்தோர் இத்தகைய நடுகற்களுக்கு மஞ்சள் பூசிச் சாமியாக்கி ஆடு வெட்டியது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

இளைஞர்களே, உங்கள் ஊரில் அப்படியொரு கல் இருந்தால் அதை உடைக்க வேண்டாம். அது பேரரசுக்கு எதிரான சாட்சி. அதன் கீழே இன்னொரு கல் வையுங்கள். ஆணையத்தின் பட்டியலை இன்று எவரும் காணலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் உள்ளன. முதியோரைக் கேளுங்கள், பள்ளிப் பிள்ளைகளைத் துணைக்கழையுங்கள். கிடைத்த பெயரையெல்லாம் தமிழில் பொறியுங்கள். சாதிப் பெயரை மட்டும் கல்லில் ஏற்றாதீர்கள். யார் பெயர் முதலில் என்று பூசல் கிளம்புமே என்கிறீர்களா? அகர வரிசை இருக்கிறதே!