உள்ளடக்கம்

‘உள்ளடக்கம்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நம் சிறுபத்திரிகைகள் எத்தனை ரீம் காகிதத்தைத் தீர்த்திருக்கின்றன என்று கணக்கெடுக்க ஆளில்லை. உருவமா உள்ளடக்கமா என்ற சண்டையில் நட்புகள் முறிந்தன, பத்திரிகைகள் நின்றன, நின்றவற்றின் இடத்தில் அதே சண்டையைத் தொடரப் புதியவை வந்தன. இப்போது அந்த வார்த்தை வேறொரு வாசல் வழியாக எங்கள் சிக்கலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. (ஊர்ப் பெயரை வைத்துச் சிலேடை செய்யாமல் திரும்பிப்போன வெளியூர்க்காரர் இதுவரை இல்லை. இதைப் படிக்கிறவர்களாவது விட்டுவிடலாம்.) கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய பேனரில் ‘உள்ளடக்கம், அணுகல், ஒடுக்குமுறை எதிர்ப்பு - இளைஞர்களுக்கான மூன்று நாள் பட்டறை’ என்று போட்டிருந்தது. எதை உள்ளே அடக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அதற்கு அதுதான் அர்த்தம்.

எனக்குத் தெரிந்த தமிழிலும் அதுதான். அடக்குவது என்றால் பணிய வைப்பது. அடக்கம் என்றால் பணிந்து கிடப்பது. செத்தவனைப் புதைப்பதும் அடக்கம்தான். சேர்த்துக்கொள்வதற்கு ஒரு வார்த்தை தேடிப்போன மொழிபெயர்ப்பாளர் நேராக இதற்குள் போய் விழுந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. உள்ளே ஒருவன் இருக்கிறான், வெளியே ஒருவன் நிற்கிறான், கதவு உள்ளே இருப்பவனுக்குச் சொந்தம், அவன் மனமிரங்கினால் திறப்பான் என்ற மனோபாவம் மூல வார்த்தையிலேயே இருக்கிறது. தமிழ் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

‘பட்டறை’ இன்னொரு வார்த்தை. எங்கள் ஊரில் பட்டறை என்றால் கொல்லன் பட்டறை, இப்போது வெல்டிங் பட்டறை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டது அங்கே, மண்வெட்டிக்கு இலை தட்டியது அங்கே, சங்கிலிக்குக் கண்ணி சேர்த்ததும் அங்கேதான். நம் வட்டாரத்தில் அதற்கு வேறு அர்த்தம் வந்தது நாடகத்தின் வழியாக. 1980ல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் போனவர்கள் உடம்பால் பேசக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தமிழ் நவீன நாடகத்துக்கு அதனால் கிடைத்ததை யாரும் மறுக்கமாட்டார்கள். கலாப்ரியா குற்றாலத்தில் கவிஞர்களைக் கூட்டினார். அங்கே சண்டை போட்டவர்கள் பிறகு நல்ல கவிதைகள் எழுதினார்கள், சண்டை போடாதவர்கள் சிலரும் எழுதினார்கள். அந்த இடங்களுக்கெல்லாம் போனவன் தன் வேலையைக் கற்றுக்கொள்ளப் போனான். இப்போதைய பட்டறைக்குப் போகிறவனே அங்கு கச்சாப்பொருள்.

ஊர்க்கோடியில் ஒரு தர்மகாரியம் நடந்துவிட்டுப் போகட்டும், இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன என்று கேட்கலாம். இந்தப் பட்டறைகளுக்குக் கருத்தாளர்களாகப் போகிறவர்கள் நம்மவர்கள். கடைசி நாளில் பிள்ளைகளை உட்கார்த்தி எழுத வைக்கிறார்கள். எழுதியவை தொகுப்பாக வருகின்றன, முன்னுரை கேட்கப்படுகிறது, மதிப்புரைக்கு இந்தப் பத்திரிகைக்கே அனுப்பப்படுகிறது. எனவே இது நம் பிரச்னை.

மூன்று நாளும் நான் அங்கே இருந்தேன். அணுகல் பற்றிய அமர்வு மண்டபத்தின் மாடியில். போலியோவில் கால் போன ஒரு பையன், செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன், வந்திருந்தான். அவனை பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் மேலே தூக்கிப் போனார்கள். சாயங்காலம் கேட்டேன். “தூக்குனது ஒண்ணும் வலிக்கலண்ணே. படம் சரியா விழலன்னு கீழ எறக்கி இன்னொரு தடவ தூக்குனாங்க, அதுதான்” என்றான். இதை ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். மாடி வாடகை குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் படம் ஆண்டறிக்கைக்குத் தேவைப்பட்டது. கீழ்த்தளத்தில் அவன் பாட்டுக்கு உருண்டு உள்ளே வந்திருந்தால் படமெடுக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் ஒரு பயிற்சி. எல்லோரையும் ஒரு கோட்டில் நிறுத்தி, ‘உங்கள் வீட்டில் புத்தக அலமாரி இருந்தால் ஓர் அடி முன்னால் வாருங்கள்’, ‘உங்கள் பெற்றோர் கல்லூரிக்குப் போயிருந்தால் ஓர் அடி முன்னால்’ என்று வாசித்துக்கொண்டே போனார்கள். சலுகை பெற்றவன் யார் என்று கண்ணால் காட்டுவதாம். அட்லாண்டிக்குக்கு அப்பால் தயாரித்த கேள்விப்பட்டியல். எங்கள் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நடத்தியவருக்குக் குழப்பம். எந்தத் தெருவில் வீடு, கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்கிறது, கோவில் திருவிழாவில் யார் வடம் பிடிப்பது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிளந்திருக்கும். பட்டியலில் சாதி இல்லை. ஒடுக்குமுறை எதிர்ப்பு என்று பேனரில் எழுதிவிட்டு முதுகுளத்தூர்ச் சீமையில் சாதியைக் கேட்காமல் ஒரு பயிற்சியை முடிக்க முடிந்ததென்றால் அது சாமர்த்தியம்தான்.

எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைக்கும் கூட்டங்கள் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் அமைதிக் கூட்டம் கூட்டினார். அதில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். அறைக்குள் நாற்காலிகள் சமமாக இருந்திருக்கலாம். வெளியே நிலம், தெரு, தண்ணீர் எல்லாம் இருந்தபடியே இருந்தன.

ஏர்வாடிக்கு வருகிறேன். எங்களுக்குப் பக்கத்து ஊர். தர்காவுக்கு எல்லா மதத்தவரும் மனம் பேதலித்தவர்களை அழைத்துவருவது நெடுங்காலப் பழக்கம். வந்தவர்களை வைத்துப் பராமரிக்கத் தனியார் விடுதிகள் முளைத்தன. காசுக்கு நடந்த விடுதிகள், அவற்றுக்கும் தர்காவின் நம்பிக்கைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடிவதற்குள் அப்படியொரு விடுதியின் ஓலைக் கொட்டகை எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 25 பேர் அங்கேயே கருகினார்கள்; பிறகு எண்ணிக்கை 28 ஆயிற்று. அன்றைக்கும் சட்டம் இல்லாமலில்லை. 1987ன் மனநலச் சட்டம் விடுதி நடத்த உரிமம் கேட்டது. 1995ன் ஊனமுற்றோர் சட்டம் மனநோயையும் தன் ஏழு பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. சட்டத்தின் பாஷையில் அந்த 28 பேரும் ‘உள்ளடக்கப்பட்டவர்கள்’.

தீக்குப் பிறகு சில நாட்களிலேயே அரசு விடுதிகளை மூடி, 500க்கு மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. வழக்கின் தலைப்பு: சங்கிலியிடப்பட்ட 25 பேர் தமிழ்நாட்டு விடுதித் தீயில் மரணம். சங்கிலியிட்டது யார் என்று தலைப்பில் இல்லை. வழக்குத் தலைப்பில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் இந்த ‘பட்ட’ என்ற விகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். ஒடுக்கப்பட்டோர், விலக்கப்பட்டோர், விளிம்புக்குத் தள்ளப்பட்டோர். நம் விமர்சனக் கட்டுரைகளிலும் இதே வரிசைதான். செய்தவன் வாக்கியத்திலிருந்து கழன்றுவிடுகிறான்.

பட்டறைக்கு வந்தவர்களில் ஒருவன் எனக்குத் தெரிந்த பையன். அவன் அண்ணனுக்குப் பல வருஷங்களாக மனம் சரியில்லை. வீட்டில் மாட்டுக் கொட்டத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பட்டறைக்கு முன்பே இவன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கவிதை என்றோ கதை என்றோ பெயர் வைக்கவில்லை. அவன் சம்மதத்தோடு அதிலிருந்து ஒரு வாக்கியம்: ‘அண்ணனுக்குச் சோறு வைக்கும்போது சங்கிலி எவ்வளவு நீளமோ அதற்கு ஒரு சாண் உள்ளே தள்ளித் தட்டை வைப்போம், கை எட்டும், எங்களை எட்டாது.’ பட்டறையில் அவனைத் தன் கதையைப் பகிரச் சொன்னார்கள். பகிர்ந்தான். கைதட்டினார்கள். எழுதச் சொன்னார்கள். தொகுப்பில் வந்திருப்பது இது: ‘மனநலச் சவால் கொண்ட எனது சகோதரர் குடும்ப அமைப்பினுள் விலக்கலுக்கு உள்ளாக்கப்பட்டார்.’

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரியாதவன் விமர்சகன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் வாக்கியத்தில் ‘வைப்போம்’ இருக்கிறது. அம்மா, அப்பா, தான் எல்லோரும் அந்த வினைச்சொல்லுக்குள் நிற்கிறார்கள். பயம் இருக்கிறது, சோறு போடுகிற பாசம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம் அளக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் யாருமே இல்லை. ‘குடும்ப அமைப்பு’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது, அதற்குள் ‘விலக்கல்’ என்று ஏதோ நடக்கிறது, மழை பெய்வது போல. எங்கள் பையன் தன் குடும்பத்தின் குற்றத்தையும் தன் குற்றத்தையும் தானே கண்டுபிடித்து எழுதியிருந்தான். மூன்று நாளில் அதைப் பிடுங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைத்தான் அவர்கள் விழிப்புணர்வு என்கிறார்கள். பிரக்ஞை என்று நாம் ஒரு காலத்தில் ஓயாமல் எழுதியது இதற்கு நேர் எதிரானதை.

அந்தத் தொகுப்புக்கு முன்னுரை எழுத மாட்டேன் என்று சொன்னதற்கு வேறு காரணம் இல்லை.

சொற்களை மாற்றுவதே வீண் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2010ல் அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது ‘நொண்டி’, ‘ஊனம்’ என்று கூப்பிடப்பட்டே வளர்ந்தவர்களுக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. செல்போன் கடைப் பையன் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கமாட்டான். ஆனால் ராமநாதபுரம் பஸ்ஸின் முதல் படி அவன் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. 2016ன் சட்டம் ஊனங்களை 21 ஆக விரித்து, பஸ்ஸும் கட்டடமும் எட்டும்படி இருக்கவேண்டும் என்கிறது. 2017ன் மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. இந்த இரண்டு சட்டங்களின் தமிழ்ப் பிரதியும் மூன்று நாளில் ஒருவர் கைக்கும் வரவில்லை. வண்ணக் காகிதங்கள் வந்தன.

இறக்குமதி செய்கிறவர்கள் முழுதாகச் செய்வதில்லை என்பது இன்னொன்று. அகஸ்தோ போவாலின் நாடகப் பயிற்சிகளைத்தான் இவர்கள் அரைகுறையாக நடத்துகிறார்கள்; கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நடப்பதைக் கூட அவர் பெயரில் சேர்த்துவிட்டார்கள். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகரசபையில் உறுப்பினராக இருந்தவர். தெருவில் மக்களோடு போட்ட நாடகங்களிலிருந்து 13 சட்டங்களை நிறைவேற்றிக் காட்டினார். நகராட்சி மருத்துவமனைகளில் முதியோருக்கான மருத்துவர் இருந்தே தீரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பயிற்சி ஊரைத் தாண்டி வந்துவிட்டது, சட்டம் ரியோவிலேயே தங்கிவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1991, 92ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. அங்கேயும் பாட்டு இருந்தது, கோஷம் இருந்தது, கலெக்டர் இருந்தார். நமக்கு ஒவ்வாத அத்தனையும் இருந்தது. ஆனால் கல்குவாரிப் பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், புருஷனையோ தம்பியையோ கெஞ்சாமல் தன் வேலைக்குத் தானே போனாள். அதற்கு ‘அணுகல்’ என்று யாரும் பெயர் வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த இடத்தில் கைதட்டத் தயாராக இருக்கும் தூய கலைவாத நண்பர்களுக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. கலைஞனுக்குச் சமூக சேவையில் என்ன வேலை, நாங்கள் அப்போதே சொன்னோம் என்பார்கள். நம் நவீன கவிதையில் பைத்தியம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று பாருங்கள். பைத்தியம் என்றால் தெளிவு, பைத்தியம் என்றால் கலகம், பைத்தியம் என்றால் கவிஞன். சங்கிலி என்றால் மரபு, சங்கிலி என்றால் குடும்பம், சங்கிலி என்றால் மொழி. ஏர்வாடிக்குப் பிறகும் இந்தப் படிமம் கொஞ்சமும் கூசாமல் தொடர்ந்தது. பட்டறைக்காரன் சங்கிலியை ‘விலக்கல்’ ஆக்கினான், நாம் அதற்கும் முன்பே அதைப் படிமமாக்கிவிட்டோம். இரண்டு பேர் கையிலும் இரும்பு இல்லை.

அண்ணனின் கதையையும் சொல்லிவிடுகிறேன், தொகுப்பில் அது இல்லாததால். ஏர்வாடியில் இப்போது தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர் பார்க்கிறார். தவா, துவா என்கிறார்கள், மருந்தும் பிரார்த்தனையும். துவாவுக்கென்று அவனை அழைத்துப்போன அம்மா, தவாவையும் வாங்கி வந்தாள். நான்கைந்து மாதம் மாத்திரை விழுந்தபின் ஒருநாள் அவளே சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். மாத்திரை தீரும்போதெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ்ஸேறிப் போய் வருகிறாள். பணமில்லாத மாதங்களில் மாத்திரை விட்டுப்போகிறது, வீட்டில் மறுபடி எல்லோருக்கும் பயம் வருகிறது. சங்கிலி கொட்டத்துக் கம்பத்தில்தான் இன்னும் தொங்குகிறது. இதை அவள் என்னிடம் சொன்னபோது ஒரு வாக்கியத்தில்கூட ‘பட்டது’ இல்லை. நான் கட்டினேன், நான் அவிழ்த்தேன் என்றாள்.

பையனின் பழைய நோட்டிலிருந்து ஆறு பக்கங்களை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம், வேறெதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்கிறான். அண்ணன் இப்போது டீக்கடைக்கு வந்து பத்திரிகை படிக்கிறான்.