வட்டலாப்பமும் அமானிதமும்



சிங்கப்பூரில் சுட்ட பாணில் ‘காயா’ என்றொரு பண்டத்தைப் பூசி உண்பார்கள். முட்டை, தேங்காய்ப் பால், சீனி, வாசனைக்கு ரம்பை இலை என்பன சேர்த்துக் காய்ச்சுவது அது. நமது வட்டலாப்பத்தின் தங்கச்சி போலல்லவா இருக்கிறது? ஒல்லாந்தர் நமது கரையோரத்தை ஆண்ட காலத்தில் (1658 - 1796), ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடு கடத்தப்பட்டோரும் படைவீரர்களும் இங்கு கொண்டுவரப்பட்டனர். அந்த மலாய் மக்களின் அடுப்பிலிருந்தே வட்டலாப்பம் நம் வீடுகளுக்கு வந்தது என்பது பரவலான கருத்து. பிறந்த மண்ணை இழந்தவர்கள் தந்த பண்டம் இன்று நம் பெருநாள் ஸஹனில் இருக்கிறது.

இங்கு வந்தபின் அதற்கு இனிப்பூட்டியது கித்துள் கருப்பட்டி. ஏலம், கராம்பு, சாதிக்காய் ஆகியவற்றுக்கு மாத்தளையில் நாம் தூரம் போக வேண்டியதில்லை. நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் கித்துளும் உண்டு. காலையிலும் மாலையிலும் உயிரைப் பணயம் வைத்து மரமேறி, பூங்குலையைச் சீவி, வடியும் பதநீரை இறக்குகிறார்கள். தாமதித்தால் அது புளித்துக் கள்ளாகிவிடும். உடனே அடுப்பேற்றினால் பாணியாகும். மேலும் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டியாகும். மரம் ஒன்று, நீர் ஒன்று. ஹலாலும் ஹராமும் அந்த நேரத்தில் தங்கியிருக்கின்றன.

ஆனால் சந்தையில் கித்துள் என்ற பெயரில் விற்பதெல்லாம் கித்துள் அல்ல. சீனியைக் காய்ச்சி நிறமேற்றியும் விற்கிறார்கள். சீனி ஹராமா என்று கேட்பீர்கள். இல்லை; சீனி ஹலால்தான். சீனியைக் கித்துள் என்று சொல்லி விற்பதே ஹராம். அந்தப் பொய்யால் வாங்குபவரின் பணம் போகிறது. மரமேறியவனின் உழைப்புக்குரிய விலையும் விழுந்துபோகிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே.

இது கடைக்காரருக்கு மட்டுமான உபதேசமல்ல. நோன்பு காலத்தில் ஓடர் எடுத்து வட்டலாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. அது கண்ணியமான உழைப்பு. கித்துளுக்கு விலை கட்டுப்படியாகாவிட்டால் சீனிக் கருப்பட்டியில் செய்யுங்கள், குற்றமில்லை. ஆனால் ஓடர் எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், விலையையும் அதற்கேற்பக் குறையுங்கள். வாங்கும் தாய்மாரும் ஒன்று செய்யலாம். கித்துள் கருப்பட்டி மிக மலிவாகக் கிடைத்தால் மகிழ்ந்துவிடாமல், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இயன்றால், காய்ச்சும் வீட்டாரிடமே வாங்குங்கள்.

ஒன்று கூறி முடிக்கிறேன். கித்துள் கருப்பட்டிதானே என்று நீரிழிவுள்ள பெரியோருக்கு இரண்டாம் துண்டை வைத்துவிடாதீர்கள். அதுவும் இனிப்புத்தான்.

உங்கள் அடுப்படியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!