சூதுக்குத் ‘திறன்’ என்று பெயர் வைத்தவர்கள்

இந்தப் பதிவு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: ‘திறன் விளையாட்டு’. ‘ஸ்கில் கேம்’ என்று சொன்னால் எங்கள் பென்னாகரம் பக்கத்துப் பையன்களுக்கு உடனே புரியும். செல்போனில் பணம் கட்டி ஆடும் ரம்மிக்கும் போக்கருக்கும் நிறுவனங்கள் ஒட்டிய சீட்டு அது.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஆன்லைன் கேமைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். ஆடத் தெரியாது, உண்மைதான். ஆனால் வருடக்கணக்கில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தியவன் நான். ஒரு பெயர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதையும் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கியவன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது மக்காகவே வந்து உட்காருவான். விளையாட்டுக்கு வைக்கும் பெயரும் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒரு ஆட்டத்தின் பெயர் ஆடுகிறவனுக்குள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், தோற்றவன் என்ன சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறான் என்று கேளுங்கள். எங்கள் ஊர்த் திண்ணையில் தாயம் ஆடித் தோற்றவன், “இன்னைக்குத் தாயமே விழல” என்பான். கட்டையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றவன், “அந்த ஆட்டை அங்க வெச்சிருக்கக் கூடாது” என்பான். மறுநாள் யோசித்துக்கொண்டே வருவான். முதல் ஆட்டத்தில் குற்றம் கட்டைக்கு. இரண்டாவதில் குற்றம் தனக்கு. இரண்டு பேச்சும் அந்தந்த ஆட்டத்துக்குப் பொருத்தமானவை. பணமும் அங்கே இல்லை.

இப்போது பணம் வைக்கும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் சீட்டு அதிர்ஷ்டம், கொஞ்சம் மூளை என்று இருக்கட்டும். அதற்கு ‘திறன்’ என்று மட்டும் பெயர் எழுதி ஒட்டுங்கள். தோற்றவன் என்ன சொல்லுவான்? “நான் இன்னும் சரியா ஆடல. இன்னும் கொஞ்சம் பழகணும்” என்பான். பழகுவதற்கு மறுபடியும் பணம் கட்டுவான். ஜெயித்தால் தன் கெட்டிக்காரத்தனம், தோற்றால் தன் குறை. கடை நடத்துகிறவன் இந்தக் கணக்கில் எங்குமே வரமாட்டான். அந்தப் பெயரை அவ்வளவு செலவு செய்து விளம்பரப்படுத்தியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

என்னிடம் படித்த ஒரு பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மூன்று நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடன் கேட்டு வீட்டுக்கு வந்தான். கறவை மாடு இரண்டும் விற்றாகிவிட்டது. சீட்டுப் பணமும் போயிருந்தது. “தோத்ததெல்லாம் ஆரம்பத்துல சார். இப்ப ஆட்டம் புடிபட்டுருச்சு” என்றான். சூதாட்டத்துக்கு நான் பணம் தரமாட்டேன் என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “சூதாட்டம் இல்லைங்க சார், ஸ்கில் கேம். கோர்ட்டே சொல்லியிருக்கு” என்று போனை எடுத்துக் காட்டினான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “கோர்ட்டே சரின்னு சொல்லிருச்சாம் சார். படிக்காதவ நான் என்னத்த சொல்றது?”

பையன் சொன்னதைவிட அந்த அம்மா சொன்னதுதான் என்னை உறுத்தியது. குடிக்கிற மகனைத் திட்ட அவருக்கு வார்த்தை இருக்கிறது. மூணு சீட்டு ஆடுகிற மகனைத் திட்டவும் இருக்கிறது. ‘திறன்’ என்ற சொல் வந்ததும் அவர் வாய் அடைந்துபோயிற்று. திருவள்ளுவர் ‘சூது’ என்றே பெயரிட்டுத் தனி அதிகாரம் எழுதி, அதைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்தபடி வைத்தார். நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வேறொரு சொல்லைக் கொடுத்துவிட்டார்கள்.

கோர்ட் என்னதான் சொன்னது? ஆந்திர மாநில அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று குறிப்பிடுவார்கள். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ஆடிய ரம்மி பற்றிய வழக்கு. மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது நீதிமன்றம். நியாயமான பேச்சு. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் எடுக்கிறார் என்று நிரூபித்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். விளம்பரத்தில் முதல் பாதிதான் வந்தது. நடிகர் சிரித்துக்கொண்டு வந்து இரண்டாம் பாதியைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

நம் மாநிலத்தில் இந்த ஒரு பெயரை வைத்துத்தான் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டம். அதே 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது. இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கடன் வாங்கி ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். சிலர் உயிரையும் விட்டார்கள்.

நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் முன் வைத்த கேள்வி ‘திறனா, அதிர்ஷ்டமா’ என்பது. ஆடுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இந்த மேசையில் இருந்து பணம் எங்கே போகிறது?’

அன்று அந்தப் பையனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி உட்காருகிறார்கள். மேசையில் 600 ரூபாய். ஆட்டம் நடத்தும் நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ரூபாய் போய்விடும். ஜெயித்தவன் கைக்கு 540. இதே மாதிரி பத்து ஆட்டம் நடந்தால் நிறுவனத்துக்கு 600 ரூபாய். ஆறு பேரும் சேர்ந்து முதலில் கொண்டுவந்த தொகை முழுவதும் அது. ஆறு பேரும் மேதைகளாக இருந்தாலும் அந்த 600 போகும், முட்டாள்களாக இருந்தாலும் போகும். அந்த நஷ்டத்தை யார் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதை மட்டுமே திறமை முடிவு செய்யும். கூட்டலும் பெருக்கலும் போதும், நிகழ்தகவுகூட வேண்டாம்.

சரி, முழுக்க முழுக்கத் திறமைதான் என்றே ஒத்துக்கொள்வோம். அப்போதாவது ஆடலாமா? சதுரங்கத்தில் சீட்டும் இல்லை, கட்டையும் இல்லை, எல்லாம் திறமைதான். விஸ்வநாதன் ஆனந்துடன் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் என்று பத்து ஆட்டம் ஆட உங்களில் யாராவது உட்காருவீர்களா? பத்தாயிரமும் போகும் என்று தெரியும். அதிர்ஷ்ட ஆட்டத்திலாவது புதியவனுக்கு ஒரு நாள் விழும். திறமை ஆட்டத்தில் கெட்டிக்காரன் புதியவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருப்பான். ஆகவே ‘திறன்’ என்ற சொல் புதியவனுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டியது. அதை அழைப்பிதழாக மாற்றினார்கள். கேட்கிற ஒவ்வொருவனும் அந்தத் திறமைசாலி தான்தான் என்று நினைத்தான். ஊர்த் திண்ணையில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம். செல்போனில் எதிரே இருப்பது ஒரு புனைபெயரும் ஒரு பொம்மைப் படமும்.

“லாட்டரிக்கு அதிர்ஷ்டம் என்றுதானே பெயர்? அதுவும் குடும்பங்களைக் கெடுத்ததே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். கெடுத்தது. அதனால்தான் 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தார்கள். நேர்மையான பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாட்டரிச் சீட்டு வாங்கியவன் யாரும், “போன மாசத்தைவிட இந்த மாசம் நல்லா வாங்கப் பழகிட்டேன்” என்று சொன்னதில்லை. “அது நம்ம கையில இல்ல, விடு” என்று மனைவி சொன்னால் அவனிடம் பதில் இருக்காது. ரம்மிக்காரனிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலை அச்சடித்துக் கொடுத்ததே நிறுவனம்தான்.

காசு வைக்காத ஆட்டங்களிலும் இந்தப் பெயர் வித்தை உண்டு. ‘பேட்டில் ராயல்’ என்று ஒரு வகை. பாராசூட்டில் வெறுங்கையோடு எல்லோரும் குதிப்பார்கள், கடைசியில் நிற்பவன் வென்றவன். எல்லோருக்கும் ஒரே தொடக்கம் என்பது அந்தப் பெயரின் வாக்குறுதி. சிக்னல் ஒரு கோடு காட்டும் மலையடிவாரத்தில், திரை கீறிய பழைய போனில் ஆடும் பிள்ளைக்கும், நகரத்தில் வேகமான இணைப்பில் ஆடும் பிள்ளைக்கும் அது ஒரே தொடக்கமா? பெயர் சமம் என்று சொல்வதால் தோற்ற பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது, பிறகு புது போன் கேட்டு அப்பாவை நச்சரிக்கிறது. ‘ஃப்ரீ ஃபயர்’ என்ற பெயரிலேயே இலவசம் இருந்தது. உள்ளே வைரம் என்று ஒரு நாணயம், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ‘ஸ்கின்’ என்றால் துப்பாக்கிக்கு மேற்பூச்சு என்றுதானே நினைப்போம்? அந்த விளையாட்டில் சில துப்பாக்கி ஸ்கின்கள் சுடும் வலிமையையே மாற்றின. 2020 செப்டம்பரில் தடையான பப்ஜி மொபைல், 2021இல் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் வந்தது. ரத்தத்தின் நிறம் மாறியது. ‘கில்’ என்ற சொல் ‘ஃபினிஷ்’ ஆனது. அதே வகை ஆட்டம்தான். பெயர்களை மாற்றினால் பெற்றோரின் மனம் மாறும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. பணமோ வேறு ஆதாயமோ கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் விளையாட்டு எல்லாம் பண விளையாட்டு, அது திறன் சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா, இரண்டுமா என்பது பொருட்டல்ல என்கிறது அது. ஐம்பது வருடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்த விவாதத்தை ஒரே வெட்டில் தள்ளிவிட்டார்கள். நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, அதுவும் சரியே. பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் பகுதியை அப்போது நிறுத்தின. எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. முழுத் தடை சரியா, கட்டுப்பாடு போதுமா என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தடை செய்தால் கள்ளத்தனமாக வெளிநாட்டுத் தளங்களுக்குப் போவார்கள் என்ற பயம் பொய்யல்ல.

ஆனால் அதே சட்டம் புதிதாக இரண்டு சீட்டுகளையும் அச்சடித்திருக்கிறது: ‘இ-ஸ்போர்ட்ஸ்’, ‘சமூக விளையாட்டு’. நாளைக்கு ஒரு பையன் வந்து, “இது கேம் இல்லைங்க சார், ஸ்போர்ட்ஸ். கவர்ன்மெண்டே சொல்லியிருக்கு” என்பான். அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இனி வேண்டாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடச் சொல்கிறோம். முன்பக்கம் என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். அதேபோல ஒவ்வொரு ஆன்லைன் விளையாட்டின் முதல் திரையிலும் தமிழில் மூன்று வரி இருக்க வேண்டும். எதிரே ஆடுவது மனிதரா, கணினியா? காசு கொடுத்தவனுக்கு ஆட்டத்தில் பலம் கூடுமா? வரும் பணத்தில் நடத்துகிறவர் எவ்வளவு எடுக்கிறார்? மேசைக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணில் எழுதட்டும். ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்று மூச்சு விடாமல் ஓட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். அதுவும் குற்றத்தை ஆடுகிறவன் தலையில் கட்டும் வாசகம்தான்.

சட்டம் அதைக் கொண்டுவரும்வரை பெற்றோர் அந்த மூன்றையும் பிள்ளையிடம் கேட்கலாம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, ஆடத் தெரிய வேண்டியதும் இல்லை. பதில் வராவிட்டால், பெயர் எதுவானாலும், பணம் கொடுக்காதீர்கள்.