பண்டிகைக்குப் பின் பாயின்ஸெட்டியாச் செடி

கிறிஸ்துமஸ் காலத்தில் நகரங்களில் தொட்டியுடன் விற்கப்படும் பாயின்ஸெட்டியாச் செடி, கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேருகின்றது. சிவப்பு மங்கியவுடன் சிலர் அதைக் குப்பைமேட்டில் எறிந்துவிடுகின்றனர். வேறு சிலர் தோட்டத்து வரப்போரம் ஊன்றிவிட்டு, பின்பு திரும்பிப் பார்ப்பதேயில்லை. முன்னது வீண் நஷ்டம்; பின்னது அண்டை வயலுக்கும் கேடு. இரண்டும் தவிர்க்கத்தக்கனவே.

இது ஒருபருவப் பூச்செடியன்று. ஆமணக்கு, மரவள்ளி, கள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மெக்ஸிகோ தேசத்துப் புதர்ச்செடி. அத்தேசத்தில் அமெரிக்கப் பிரதிநிதியாயிருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்ஸெட் 1828ஆம் ஆண்டில் இதைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கு வழங்கலாயிற்று. பூவென்று மதிக்கப்படும் சிவப்புப் பகுதி உண்மையில் இலையே. நடுவிலுள்ள சிறு மஞ்சள் மொட்டுகளே பூக்கள். குளிர்தேசத்தார் இதைக் கண்ணாடி வீட்டில் வைத்துக் காக்கின்றனர். உறைபனி விழாத தமிழ்நாட்டுச் சமவெளியிலோ இது வெளியிலேயே பல்லாண்டு வாழும்.

பண்டிகை முடிந்ததும் தொட்டியைச் சுற்றிய பளபளப்புக் காகிதத்தை நீக்கவேண்டும். அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும். மேல்மண் காய்ந்தபின் மட்டுமே நீர் வார்த்தல் போதும். மாசி, பங்குனியில் இலைகள் உதிரத் தொடங்கும்போது, ஒவ்வொரு கிளையிலும் மூன்று நான்கு கணுக்களை விட்டு மேற்பாகத்தை வெட்டிவிடவேண்டும். பின்பு நீர் தேங்காத மேட்டு நிலத்தில் மட்கிய எருவிட்டு நடலாம். வியாபாரத்திற்கு வளர்ப்போர் மருந்திட்டுக் குள்ளமாக்கிய செடி, நிலத்தில் ஆளுயரத்திற்கு மேலும் வளருமாதலால் இடைவெளி தாராளமாக விடவேண்டும். ஆனி, ஆடியில் நுனிகளைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் மிகும். ஆவணி நடுவிற்குப் பின் கிள்ளினால் பூ தாமதப்படும். வெட்டிய முற்றிய தண்டுகளைப் பால் வடிந்து உலர்ந்தபின் நட்டால் புதுச்செடிகளும் கிடைக்கும். அப்பால் உயிரைக் கொல்லும் நஞ்சென்று முன்னர்ப் பரவிய பேச்சு ஆதாரமற்றது. எனினும் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தருமாகையால் கையுறை அவசியம்.

மறுவருஷம் சிவக்கவில்லை என்று குறைகூறுவோர் பலர். எரு குறைந்ததே காரணமென்று அவர்கள் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் காரணம் விளக்கு வெளிச்சமாகும். புரட்டாசி முதல் இரவு நீளுவதைக்கொண்டே இச்செடி பூப்பருவத்தை அறிகிறது. வீதிவிளக்கோ திண்ணை விளக்கோ இரவில் அதன்மேல் பட்டால் பச்சையாகவே நிற்கும். இருளான மூலையில் நட்டால் இக்குறை தீரும். பகலில் மட்டும் அங்கே நல்ல வெயில் வேண்டும்.

அழகுக்கு வைத்த செடிக்கு இத்தனை கவனமேன் என்று நிலச்சுவான்தார் கேட்கக்கூடும். வெள்ளை ஈ அழகுச்செடி, பயிர்ச்செடி என்று பேதம் பார்ப்பதில்லை என்பதே அதற்கு விடை. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ப்ளாரிடாவில் பாயின்ஸெட்டியாப் பண்ணைகளில் பெருகிய ஒருவகை வெள்ளை ஈ, 1991ஆம் ஆண்டில் காலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழம் முதலிய பயிர்களைப் பாழாக்கிற்று. அவ்வகையே 1999ஆம் ஆண்டில் கோலார் ஜில்லாவில் தக்காளியில் காணப்பட்டது; இலைச்சுருள் நோயும் உடன் பரவிற்று. வெண்டை, உளுந்து, மரவள்ளி ஆகியவற்றின் மஞ்சள் தேமல் நோய்களைக் கொண்டுசெல்வதும் வெள்ளை ஈயே.

ஆகவே தொட்டி வீட்டிற்குள் வருமுன்னரே இலைகளின் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். சிறு செதில் போன்ற குஞ்சுகள் ஒட்டியிருந்தால் அவ்விலைகளைக் கிள்ளி எரித்து, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து அடிப்புறம் நனையத் தெளிக்கவேண்டும். பங்குனியில் வெட்டிய கழிவையும் எரித்தோ புதைத்தோ விடுதல் நன்று. காய்கறி, பருத்தி, மரவள்ளி நிலத்தருகே இதனை நடலாகாது.

பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் ஆகியவற்றின் முற்றத்தில் இச்செடியை வைக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் இம்முறையைத் தாமே கைக்கொண்டு பிறருக்கும் காட்டுவது தகும். பேண இயலாதவர் இதனைக் குப்பையில் எறியாமல் எரித்துவிடுவதே அயலாருக்குச் செய்யும் உபகாரம். பேணுவோருக்கோ, ஒருமுறை கொடுத்த விலைக்கு வருஷந்தோறும் மார்கழியில் வாசல் சிவக்கும்.