பதவி மறுக்கப்பட்ட உபாத்தியாயர்

வருஷப் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் சிலர் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். "பையனுக்குக் கணக்கு வரவில்லை, இவன் எதற்கும் லாயக்கில்லை என்று நினைக்கிறோம்" என்று மனம் நொந்து கூறுவார்கள். அப்போதெல்லாம் நம்மைப் போல் உபாத்தியாயராயிருந்த ஒருவருடைய சரித்திரமே நம் நினைவுக்கு வருகிறது. நீர் இறைக்கும் யந்திரங்களில் 'கிர்லோஸ்கர்' என்ற பெயரை நேயர்கள் கண்டிருப்பார்கள். அந்தத் தொழிலை ஸ்தாபித்த லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர்தாம் அவர்.

1869-ல் பெல்காம் ஜில்லாவில் பிறந்த அவருக்குச் சித்திரத்தில் ஆசை. பம்பாய்ச் சித்திரக் கலாசாலையில் சேர்ந்தார். ஆனால், சில வர்ணங்களைப் பிரித்தறியும் சக்தி அவர் கண்களுக்கு இல்லை. ஆகவே யந்திரப் படம் வரையக் கற்று, விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்விச் சாலையில் ஆசிரியரானார். அங்கே அவருக்கு வரவேண்டிய உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குக் கொடுக்கப்பட்டது. லக்ஷ்மணராவ் மன்றாடவில்லை, ராஜிநாமாக் கொடுத்துவிட்டுப் பெல்காமுக்குத் திரும்பினார்.

அங்கே 1888 முதல் தமையனாருடன் சேர்ந்து நடத்திவந்த சைக்கிள் கடை இருந்தது. அத்துடன் மாட்டுத் தீவனம் நறுக்கும் யந்திரமும், பிறகு இரும்புக் கலப்பையும் செய்யத் தலைப்பட்டார். இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று குடியானவர்கள் அஞ்சினர். முதல் கலப்பை விலைபோக இரண்டு வருஷம் ஆயிற்று!

வியாபாரம் சற்று நிமிர்ந்த சமயத்தில், நகர விஸ்தரிப்புக்காகப் பட்டறையைக் காலி செய்ய நேர்ந்தது. ஔந்த் சமஸ்தானத்து ராஜா கைகொடுத்தார். பத்தாயிரம் ரூபாய் கடனும், குண்டல் ரயில் நிலையத்தருகே கள்ளியும் பாம்பும் மண்டிக் கிடந்த 32 ஏக்கர் நிலமும் கிடைத்தன. 1910-ல் அப்பொட்டலில் கிர்லோஸ்கர்வாடி எழுந்தது. முதல் மகாயுத்தத்தின்போது இரும்புக்குப் பஞ்சம் வரவே, கோலாப்பூர் மகாராஜா சாகு கோட்டையிலிருந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்து உதவினார். மனிதரைக் கொல்ல வார்த்த இரும்பு, நிலத்தை உழப் புறப்பட்டது.

ஆனால் நம் உள்ளத்தைக் கவர்ந்தவை அவ்வூரின் வழக்கங்களே. தீண்டாமைக்கு அங்கே இடமில்லை. கொள்ளைக்காகத் தண்டனை அடைந்தவர்களை வரவழைத்துத் தொழிற்சாலைக்குக் காவற்காரர்களாக நியமித்தார் லக்ஷ்மணராவ். தம்மை ஒருமுறை தகுதியற்றவராகத் தள்ளிய உலகத்துக்கு, தாம் யாரையும் அவ்விதம் தள்ளாமல் அவர் பதில் சொன்னார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே ஊரில் 1920-ல் அவருடைய சகோதரர் மகன் சங்கரராவ் ஒரு மராத்திப் பத்திரிகை தொடங்கினார். 1930-ல் பெண்களுக்காக 'ஸ்திரீ' வெளிவந்தது. அமெரிக்காவில் யந்திரக் கல்வி பயின்று 1926-ல் திரும்பிய புதல்வர் சந்தனுராவ், 1946-ல் பூனாவில் எண்ணெய் இஞ்சின் தொழிற்சாலை ஏற்படுவதற்கு முன்னின்றார். லக்ஷ்மணராவ் 1956-ல் காலமானார். 1969-ல், அவரது நூற்றாண்டில், சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

பிற்காலத்தில் அவருடைய சந்ததியாரிடையே பிணக்கு மூண்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும் மறைப்பதற்கில்லை. பங்குகளையும் பெயரையும் பத்திரத்தில் எழுதிப் பிரித்துக்கொள்ளலாம். திருடனிடம் சாவியைக் கொடுத்த அந்த நெஞ்சை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

திண்ணைக்கு வரும் பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றே. வர்ணம் தெரியாத கண் யந்திரத்தைக் கண்டுகொண்டது. உங்கள் பிள்ளையின் கண் எதைக் காண்கிறது என்று பாருங்கள். இரண்டு வருஷமானாலும் பொறுத்திருந்து பாருங்கள்.