பழுது கண்ணாடியில், மாற்றுவது யன்னலையா?

கொழும்பில் இருந்துகொண்டு இரட்டைக் கண்ணாடி யன்னல்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊரில் யன்னல் என்பது காற்று வருவதற்காக வைக்கப்படுவது; காற்றை மறிப்பதற்காக அல்ல. ஆயினும் கடந்த சில ஆண்டுகளில் மூன்று குளிர்காலங்களை லண்டனின் ஹரோ பகுதியில் என் தங்கையின் வீட்டில் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு கண்டவற்றையும், ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரொய்டன் என எம்மவர் செறிந்து வாழும் இடங்களில் நண்பர்களின் வரவேற்பறைகளில் கேட்டவற்றையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். பிரித்தானியாவில் வாழும் தமிழர் பலர், மாற்ற வேண்டிய தேவையே இல்லாத யன்னல்களை மாற்றுவதற்காகக் கடன்பட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அது.

டபிள் கிளேசிங் எனப்படும் யன்னலை நாம் ஒரே பொருளாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரண்டு பொருள்கள். வெளியே தெரியும் வெள்ளைப் பிவிசிச் சட்டகம் ஒன்று. அதனுள் அமர்ந்திருக்கும் கண்ணாடி அலகு மற்றொன்று. அந்த அலகில் இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே விளிம்பைச் சுற்றி ஓர் உட்பட்டை. பட்டையின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள். இடைவெளியில் உலர்ந்த காற்று அல்லது ஆகன் வாயு. விளிம்பைச் சுற்றி அடைப்புப் பசை. வெயிலில் உள்ளிருக்கும் வாயு விரியும், குளிரில் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இழுபட்ட பசை ஒருநாள் எங்கோ விட்டுக்கொடுக்கும். ஈரம் உள்ளே நுழையும். மணிகள் உறிஞ்சும்வரை உறிஞ்சிவிட்டு நிறைந்துபோகும். அதன்பின் கண்ணாடிக்குள்ளே மூடுபனி இறங்கும். இதைத்தான் யன்னல் பழுதாகிவிட்டது என்கிறோம். பழுதானது கண்ணாடி அலகு மட்டுமே. அதைச் சட்டகத்தில் பிடித்து வைத்திருப்பவை பீடிங் எனப்படும் நான்கு பிளாஸ்டிக் சலாகைகள். அவற்றைக் கழற்றினால் பழைய கண்ணாடி வெளியே வரும், புதியது உள்ளே போகும். சட்டகத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

தங்கையின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். நம்மவர்தான், அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். மாடியறை யன்னலில் படிந்திருந்த மூட்டத்தை விரலால் சுட்டிக்காட்டி, "அங்கிள், சீல் போச்சுதெண்டால் முழு யன்னலும் போச்சு. ஒண்டை மாத்தினால் மற்றதுகளும் வரிசையாய்ப் போகும். எல்லாத்தையும் ஒரேயடியாய் மாத்தினால் நல்ல விலை தரலாம்" என்றார். அந்த நல்ல விலை அன்று மாலைவரை மட்டுமே செல்லுபடியாகுமாம். பல்லாயிரம் பவுண் தொகை; அதையும் மாதாமாதம் கட்டும் வசதி. என் மைத்துனர் பேனாவைத் தேடத் தொடங்கிவிட்டார்! மழலைத் தமிழில் அன்பாக ஒருவர் பேசிவிட்டால் எங்கள் எச்சரிக்கை உணர்வு கரைந்துவிடுகிறது.

நான் வியந்தது வேறொன்றுக்காக. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து அதன் ஒளியில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பித்தவர்கள். பழுதான எந்தப் பொருளையும் முதலில் கழற்றிப் பார்ப்பது எங்கள் தலைமுறையின் குணம். அந்தக் குணம் ஹீத்ரோவில் இறங்கியவுடன் எங்கே போயிற்று? வெள்ளைக்காரனின் பொருளைத் திறக்கக்கூடாது என்றோர் அச்சம் எம்மிடம் இன்னும் இருக்கிறதோ என எண்ணத் தோன்றுகிறது.

அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. பழைய கண்ணாடியை அளந்து, உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் ஓர் அலகுக்குச் சொல்லிவைத்தோம். நூற்றுச் சொச்சம் பவுணுடன் காரியம் முடிந்தது. அந்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பீடிங் உட்புறம் இருந்தால் வேலை அறைக்குள்ளேயே முடியும். பழைய யன்னல்கள் சிலவற்றில் அது வெளிப்புறம் இருக்கும். மாடியில் அப்படியானால் ஏணி வைத்து நீங்களே முயல வேண்டாம், ஆளை அழையுங்கள். நீளமான சலாகையில் தொடங்கி, அதன் நடுப்பகுதியில் தட்டையான உளியையோ பூச்சுக்கத்தியையோ செருகி மெல்ல நெம்ப வேண்டும். திரும்பப் பூட்டும்போது குறுகியவை முதலில், நீளமானவை பின்னர். எது எங்கிருந்து வந்தது என்று பின்புறத்தில் பென்சிலால் குறித்துவைப்பது நல்லது. கண்ணாடியின் அகலம், உயரம், மொத்தத் தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் அளவிட வேண்டும். அங்கு பரவலாகக் காணப்படுவது 28 மில்லிமீற்றர். அதாவது 4 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டும் நடுவே 20 மில்லிமீற்றர் இடைவெளியும். பழைய வீடுகளில் 20, 24 என்றும் இருக்கும். அளவெடுத்த பின் பழையதை மீண்டும் பூட்டிவிட்டுப் புதியது வரும்வரை காத்திருக்கலாம். பாரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 4 மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டு கொண்ட அலகு சதுர மீற்றருக்கு 20 கிலோ இருக்கும். பெரிய கண்ணாடிக்கு இரண்டு பேர் வேண்டும். தடித்த கையுறையும் வேண்டும்.

கதவிலும், தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்குக் கீழே வரும் யன்னலிலும் உடைந்தாலும் ஆளை வெட்டாத பாதுகாப்புக் கண்ணாடியே போட வேண்டும். கடைக்காரரிடம் இடத்தைச் சொல்லியே வாங்குங்கள். கடினமாக்கப்பட்ட கண்ணாடியைப் பின்னர் வெட்டிச் சரிசெய்ய முடியாது என்பதால் அளவு பிசகினால் பணம் போயிற்று. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சுக் கொண்ட தகடு வீட்டின் உட்பக்கம் வர வேண்டும். எது அந்தப் பக்கம் என்று அறிய ஒரு சிறு சுடரைக் கண்ணாடியருகே பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். அதுவே பூச்சுள்ள முகம்.

இனி, விற்பனைப் பிரதிநிதிகள் ஒருபோதும் வாய் திறக்காத ஒரு விடயம். சட்டகத்தின் அடிப்பகுதியில் சிறு நீள்துவாரங்கள் இருக்கின்றன. உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன. இவற்றில் அழுக்கும் பாசியும் சிலந்தி வலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். கண்ணாடி அலகின் அடி விளிம்பு நீரிலேயே ஊறும். அடைப்புப் பசை உரிய காலத்துக்கு முன்பே இற்றுப்போகும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், வெளியே வழிந்தால் சரி. குளிர்காற்று வருகிறது என்று எண்ணி இந்தத் துவாரங்களைச் சிலிக்கோன் பசையால் அடைத்து வைத்திருந்த தமிழ் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அடைத்தவர் காற்றை மறிக்கவில்லை, நீரைச் சிறைவைத்திருக்கிறார். புதுக் கண்ணாடி போட்டாலும் இந்தத் துவாரத்தைக் கவனிக்காவிட்டால் சில ஆண்டுகளில் மறுபடியும் மூட்டம் இறங்கும்.

மற்றைய பழுதுகள் இன்னும் எளியவை. யன்னற் கதவை ஒரு தாளின்மேல் மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்துவிட்டால் அந்த இடத்தில் இறப்பர் நாடா தேய்ந்திருக்கிறது, அல்லது பிணைச்சல் தளர்ந்திருக்கிறது. நாடாவை உருவி ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோனால் அதே வடிவில் வாங்கலாம். பூட்டும்போது இழுத்து நீட்டாதீர்கள். பின்னர் சுருங்கி மூலையில் இடைவெளி விழும். பிணைச்சலை மாற்றுவதாயின் நீளத்தையும் கனத்தையும் அளந்து, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தீ விபத்தில் தப்புவதற்காக அகலத் திறக்கும் பிணைச்சல் படுக்கையறையில் இருந்தால் அதே வகையையே போட வேண்டும். கதவு கீழே உரசுகிறதா? பெரும்பாலும் கண்ணாடிக்கு முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் விலகியிருக்கும். பிணைச்சற் பக்கத்தின் அடி மூலையிலும் அதற்கு எதிர்மூலையான கைபிடிப் பக்கத்து மேல் மூலையிலும் அவை இறுக்கமாக இருந்தால்தான் பாரம் பிணைச்சலுக்குச் செல்லும். கைபிடி மாற்றுவது இரண்டு திருகாணி வேலை.

கண்ணாடியில் துளையிட்டு ஈரத்தை உலர்த்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் உளர். மூட்டம் மறையலாம். ஆனால் துளையிட்ட அலகில் ஆகன் வாயு நிற்காது. அந்தப் பணத்தைப் புதுக் கண்ணாடிக்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து.

முழு யன்னலையும் மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. சட்டகம் வளைந்திருந்தால், மூலைப் பொருத்து வெடித்திருந்தால், அல்லது குளிரை அப்படியே உள்ளே கடத்தும் பழைய அலுமினியச் சட்டகமாக இருந்தால் மாற்றுவதே முறை. ஆனால் 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் முழு யன்னலை மாற்றுவது கட்டட விதிகளுக்கு உட்பட்டது. ஃபென்சா போன்ற திட்டத்தில் பதிவுசெய்தவர் சான்றிதழ் தருவார். அது இல்லையேல் வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி கேள்வி எழுப்புவார். கண்ணாடி அலகை மட்டும் மாற்றுவதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யும் உரிமை 2013ஆம் ஆண்டு விதிகளில் உண்டுதான். ஆனால் உங்கள் அளவுக்கென்றே செய்யப்படும் பொருட்களுக்கு அதில் விதிவிலக்கு இருக்கிறது. யன்னல் அத்தகைய பொருள் என்று அவர்கள் வாதிட இடமுண்டு. பத்தாண்டு உத்தரவாதம் என்பதையும் அளவோடு நம்புங்கள். பிரித்தானியாவின் பெருநிறுவனங்களில் ஒன்றான சேஃப்ஸ்டைல் 2023 ஒக்ரோபரிலும், எவரெஸ்ட் 2024 ஏப்ரலிலும் நிருவாகத்தின்கீழ் சென்றன. நிறுவனமே விழும்போது அது தந்த கடதாசிக்கு என்ன பெறுமதி? தனிக் காப்புறுதி ஒன்றும் உடன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய கோப்பையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூட்டம் பிடித்த கண்ணாடிக்கு இன்னும் உத்தரவாதக் காலம் மீதமிருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே என்றால் கண்ணாடி அலகின் பழுது. காலையில் கண்ணாடியின் வெளி முகத்தில் பனிநீர் படிந்தால் அது பழுதே அன்று. வீட்டின் வெப்பம் வெளியே கசியவில்லை என்பதன் அடையாளம். அறைப்பக்க முகத்தில் நீர் வழிந்தால், அறையின் ஈரப்பதன் போகவழியின்றித் தவிக்கிறது என்று பொருள். எங்கள் குசினிகளில் புட்டு அவிகிறது, சோறு கொதிக்கிறது. குளிர்காலத்தில் துணிகள் ரேடியேட்டரில் காய்கின்றன. சட்டகத்தின் மேல் விளிம்பில் இருக்கும் சிறிய காற்றுத்துவாரத்தையோ குளிருக்குப் பயந்து ஒட்டுநாடாவால் மூடிவிடுகிறோம். பிறகு சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. அந்த வீட்டுக்கு எத்தனை ஆயிரம் பவுணில் புது யன்னல் போட்டாலும் பூஞ்சணம் போகாது.

எனினும் இந்த விளக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. "நீங்கள் சமைக்கும் முறையால்தான் ஈரம்" என்று வீட்டுச் சொந்தக்காரர் கூறிவிட்டால் அதற்குமேல் பேச எங்கள் ஆட்களுக்கு நா எழுவதில்லை. சொந்தக்காரரும் தமிழராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே! ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை உயிரிழந்தது. வீட்டில் நெடுங்காலம் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாம் தவறான ஊகங்களைச் செய்ததாக வீட்டு நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் வந்த விதிகள் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரமும் பூஞ்சணமும் ஆயின் 10 வேலைநாட்களுக்குள் ஆராய்ந்து, அதன்பின் 5 வேலைநாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை விரிவுபடுத்த 2025ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பேணுவது சொந்தக்காரரின் கடமை என்பது 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

எனவே வாடகைக்கு இருப்பவர் கண்ணாடியைத் தாமே கழற்ற முற்படாமல், மூட்டமும் பூஞ்சணமும் தெரியும்படி நாளைக் குறித்துப் படம் எடுத்து, தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிடின் உள்ளூர்க் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்பலாம். அவர்கள் வந்து பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை.